நாற்பத்திரண்டில் நிறுத்தினேன்

கட்டபெட்டுக் கல்யாணம், நான்கு மணி நேரக் காட்சி.
வெள்ளை முண்டு, வெள்ளைத் தலைப்பாகை, பின்னால் வெள்ளை மூட்டம்.
எது எங்கே முடிகிறதென்று கேமராவுக்கே விளங்கவில்லை.
ஹெத்தை பண்டிகைக்குள் வேண்டும் என்கிறார்கள் பெண்வீட்டார்.
இன்னும் பத்தொன்பது மணி நேரம் என்றது கம்ப்யூட்டர்.
டீ குடித்து வந்து பார்த்தேன்: இருபது.

புதுசு வாங்க நாற்பதாயிரம் ஆகும்.
என்னிடம் இருந்தது பழைய ஐ-ஃபைவ்,
பெயரின் வாலில் ஒரு 'கே'.
அந்த எழுத்து இருந்தால் பூட்டு கிடையாதென்று
விற்றவன் அப்போதே சொன்னான்.
இத்தனை வருஷம் நான் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை.

முதலில் துடைப்பு.
விசிறிச் சிறகில் டஸ்ட் டீ நிறத்தில் ஒரு படலம்.
சிப்பின் தலையில் பழைய பேஸ்ட்
காய்ந்த திருநீறாய் உதிர்ந்தது.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புதியது வைத்தேன்
ஒரு பட்டாணி அளவு.
ஊட்டிப் பட்டாணி இல்லை, அதில் பாதி.
பழைய எஸ்எம்பிஎஸ்ஸை நம்ப முடியவில்லை. மாற்றினேன்.
கம்மல் அடகுக்குப் போகவில்லை, அதெல்லாம் கதைகளில்.
சீட்டுப் பணம் போனது.

பெருக்கி முப்பத்துமூன்றிலிருந்து முப்பத்தெட்டு.
அதுவரை அது தானாகவே தொட்டுப் பார்க்கிற உயரம்தான்.
சோதனை ஓட்டம் ஒரு மணி நேரம். ஐம்பத்தொரு டிகிரி.
முப்பத்தொன்பது. மறுபடி ஒரு மணி.
நாற்பது.
ஒவ்வொன்றாகத்தான்.
இரண்டு படி தாவி விழுந்தால்
எந்தப் படி வழுக்கியது என்று தெரியாது.

சன்னலைத் திறந்தேன். கோத்தகிரி டிசம்பர் உள்ளே வந்தது,
கூடவே மூட்டமும்.
குளிர் வேண்டும், ஈரம் வேண்டாம்.
ஒரு விரல் இடம் விட்டுச் சாத்தினேன்.

தூக்குவாளியோடு மதினி வந்தாள்.
தங்கேஸ்வரி, டான்டீயில் கொழுந்து எடுக்கிறவள்.
"என்ன பண்ற அத?"
"கூடுதலா ஓட வைக்கிறேன்."
"கூடுதல் கிலோவுக்குக் காசு உண்டா அதுக்கு?"
பதில் சொல்லாமல் நாற்பத்தொன்று தட்டினேன்.
அவள் கேபினட்டின் பின்னால்
வெதுவெதுப்பாய்க் காற்று வரும் இடம் பார்த்து
கால் நீட்டி உட்கார்ந்தாள்.

இரவு இரண்டு மணிக்கு, நாற்பத்துநாலில்,
திரை நீலமாய் விழுந்தது.
நாற்பத்துமூன்று மூன்று மணி நேரம் நின்று, பிறகு உறைந்தது.
நாற்பத்திரண்டு விடிய விடிய ஓடியது, அறுபத்தாறு டிகிரியில்.
இன்னும் துளி வோல்டேஜ் கொடுத்தால் மேலே நிற்கும், தெரியும்.
கொடுத்துக்கொண்டே போனால்
எது தேயும் என்றும் தெரியும்.

பத்தொன்பது, பதினைந்தரை ஆனது.
மிச்சப்பட்ட மூன்றரை மணி நேரம்
நான் தூங்கினேன். வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தவில்லை.

ஏப்ரலில் மேட்டுப்பாளையத்தில் ஒரு வரவேற்பு.
மண்டபத்திலேயே வெட்டி ஒட்டி, அங்கேயே திரையில் காட்ட வேண்டும்.
கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க
பெட்டியை மடியில் வைத்திருந்தேன், வாந்தி வரும் பிள்ளையைப் போல.
எட்டு மணிக்கு மாலை மாற்றும் காட்சி.
தொண்ணூற்றொன்று.
மணப்பெண்ணின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது,
முந்நூறு பேர் பார்க்க.

அப்போதுதான் உறைத்தது:
அந்த எண்ணில் பாதி என் சிப்புடையது இல்லை,
மலையுடையது.
நான் என் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.
முப்பத்தேழுக்கு இறக்கினேன்.
மெதுவாக, ஆனால் நிற்காமல்,
மாலை அவள் கழுத்துக்கு வந்து சேர்ந்தது.

ஊர் திரும்பியதும் ஸ்கெட்ச் பேனாவால்
கேபினட் மேல் எழுதி வைத்தேன்:
மேலே 42. கீழே 37.

மதினி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"என் முழங்காலுக்கும் இப்படி ஒன்னு எழுதிக் குடு."
எவ்வளவு போடட்டும் என்று கேட்டேன்.
அவள் பேனாவைப் பார்த்தபடி
யோசித்துக்கொண்டிருந்தாள்.