பதினெட்டு அலகு

கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார் டாக்டர் ரெபெலோ.
முட்கள் பதினொன்று பத்தைக் காட்ட வேண்டும்.
அமில்கார் வட்டம் போட்டார். நல்ல வட்டம்.
பிறகு பன்னிரண்டு எண்களையும்
வலப்பக்கமே நெருக்கி எழுதினார்,
கரை வந்ததும் படகின் ஒரே ஓரத்துக்கு
மொத்தச் சனமும் சாயுமே, அப்படி.
முட்களுக்கு இடமில்லை.
"இவங்க இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.
முப்பத்தொரு வருடம் தேஜோ ஆற்றில்
காசில்யாஸுக்கும் லிஸ்பனுக்கும் நடுவே
சீட்டுத் துளைத்தவருக்கு
அது ஒன்றும் தப்பான பதில் இல்லை.

சர்க்கரை முதலில் பாதத்தைக் கேட்டது.
கொடுத்தோம், இரண்டு விரல்.
அடுத்துக் கண். லேசரில் பாதியை மீட்டோம்.
தலைக்குள்ளும் மயிரிழைக் குழாய்கள் உண்டு,
அவையும் ஒவ்வொன்றாய் அடைபடும் என்று
யாரும் எங்களிடம் சொல்லவில்லை.
ஒருவேளை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான்
செருப்பின் அளவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு
ஊசி போட்டுக்கொண்டார், பதினெட்டு அலகு.
போட்டது மறந்தது.
இன்னொரு பதினெட்டு.
மூன்று மணிக்கு வியர்வையில் மெத்தை நனைந்திருந்தது.
கை, ஐஸில் கிடந்த மீன்.
என்னை "மேடம்" என்று அழைத்து
அடுத்த படகு ஆறரைக்குத்தான் என்றார்.

என் கைப்பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலங்கள் இருக்கும்.
காப்பியோடு கடைக்காரன் வைப்பதை
அவர் விரல் எட்டுமுன் எடுத்து ஒளிப்பது
பத்தொன்பது வருடப் பழக்கம்.
அத்தனையையும் கிழித்தேன்.
ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேய்த்தேன்.
களவு கொடுத்த வீட்டைத் திறக்க
அதே திருடனைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.
எட்டாவதில், இல்லை, ஒன்பதாவதில்,
"தியோலிந்தா, வாயெல்லாம் மணல்" என்றார்.

ஆம்புலன்ஸில் வந்த பையன் விரலில் குத்திப் பார்த்தான்.
ஐம்பத்திரண்டு.
"நீங்க மட்டும் இல்லேன்னா" என்று தொடங்கி
கருவியை உறையில் போட்டான்.

இப்போது டாக்டர் கணக்கைத் தளர்த்திவிட்டார்.
மூன்று மாதச் சராசரி எட்டில் நின்றால் போதுமாம்.
ஏறினாலும் மூளை தேயும், இறங்கினாலும் தேயும்.
ஏழு, ஏழு என்று செபமாலைபோல் உருட்டியவள் நான்.
யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இன்சுலினைத் தையல் மேசையில் வைத்துப் பூட்டினேன்.
கேள்வியைப் பூட்ட முடியவில்லை.
"போட்டாச்சா?"
"போட்டாச்சு."
"போட்டாச்சா?"
எழுதிவைத்த தாளைக் காட்டினால்
"இது உன் கையெழுத்து" என்கிறார்.
உண்மைதானே.

அலமாரிக்கு அடியிலிருந்து
அவருடைய துளைக்கருவியைத் தேடி எடுத்தேன்.
ஓட்ஸ் பெட்டியை அட்டை அட்டையாய் வெட்டினேன்.
ஊசி முடிந்ததும் கையில் கொடுக்கிறேன்.
கட்டைவிரல் தானே இடம் கண்டுகொள்கிறது.
டக்.
அட்டையை விளக்கருகே பிடித்து
துளை வழியே ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார்.
அதை நம்புகிறார், என்னை நம்பாதவர்.

நேற்றிரவு துளைக்குமுன் நிமிர்ந்து
"ஒருவழியா, போய்வரவா?" என்றார்,
பணிநேரக் குரலில், யாரோ ஒருத்தியிடம்.
அவர் சட்டையை இறக்கிவிட்டபடியே
"போய்வர" என்றேன்.

சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்.