நுரைக்கும் கற்கள்

தோல்மினில் ஆற்றோரம் குனிந்தால்
கல் இலவசம்.
வெள்ளை, அதற்குப் பக்கத்தில் மேலும் வெள்ளை,
பால்பல் போல ஒன்று,
தேய்ந்து மிஞ்சிய சோப்புபோல் இன்னொன்று.
தபால் பையில் கடிதம் தீர்ந்த பிற்பகல்களில்
சோச்சா ஆறு எனக்கு எடை கட்டி அனுப்பும்.
தோள்பட்டை இறங்க வீடு சேர்ந்து
சமையல் மேடையில் பரப்பி
சொட்டுச் சொட்டாய் வினிகர் விடுவேன்.

எல்லாம் நுரைக்கும்.
ஒன்றுகூடத் தப்பாது.
காதை அருகில் கொண்டுபோனால்
அடுத்த அறையில் யாரோ
மிக மெல்லக் குறை சொல்வதுபோல் கேட்கும்.

சுண்ணாம்பு, என்றான் ஃபுல்வியோ தொலைபேசியில்,
உங்கள் மலையும் அதுதான்
குழாய்த் தண்ணீரும் அதுதான்,
கெட்டிலைத் திறந்து பார்.
பார்த்தேன். அடியில் ஒரு குட்டி ஆல்ப்ஸ்.
மென்னீர் கேட்கும் என் நியான் மீன்கள்
அதற்குள் ஐந்து போயிருந்தன.
மிச்சம் மூன்றும் மின்னழுத்தம் குறைந்த பல்பு.

நோவா கோரித்சாவில் அவன் கடை.
கருங்கல் கிலோ ஏழு யூரோ.
எந்தக் கடலையோ தாண்டி
முட்டைபோல் வைக்கோலில் பொதிந்து வந்தது.
ஆறு நிறையக் கல்லை வைத்துக்கொண்டு
கல்லுக்குக் காசு எண்ணியவள் என்று
தெருவே சிரிக்கலாம்.
சிரிக்கட்டும். ரசீது பத்திரமாக இருக்கிறது.
கட்டையும் வேண்டுமா என்றான்.
விலை கேட்டேன். வேண்டாம் என்றேன்.

கட்டை வெள்ளத்தில் வந்தது.
நவம்பரில், பாலத்தின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்த
வில்லோ மரத்தின் வேர்,
ஐந்து விரலும் விரிந்து,
மண் நழுவியதை இன்னும் நம்பாத கை.

அதே வாரம் என் தம்பி ஸ்தோயானும் வந்தான்
ஒற்றைப் பெட்டியோடு.
பெட்டியைத் திறக்கவில்லை.
மரிபோரில் என்ன நடந்ததென்று சொல்லவில்லை.
குளியல்தொட்டியை வேருக்குக் கொடுத்துவிட்டேன் என்று
நான் மட்டும் சொன்னேன்.

கட்டை மிதந்தது.
கொதிநீர் ஊற்றினேன், மிதந்தது.
தேநீர் நிறத்தில் சாயம் கக்கிக்கொண்டே மிதந்தது.
நுரைத்த கற்களைப் பொறுக்கி
அதன் முதுகில் அடுக்கினேன்;
நடுராத்திரி புரண்டு தள்ளிவிடும்.
அந்தச் சத்தத்துக்கு சோபாவில்
ஸ்தோயான் எழுந்து உட்காருவான்.
துண்டும் சோப்புமாக மேல்மாடி
லுத்விகா வீட்டுக்குக் குளிக்கப் போனோம்,
ஒற்றைப்படை நாள் நான், இரட்டைப்படை அவன்.
கட்டை எப்படி இருக்கிறது என்று
தவறாமல் கேட்பாள்.
அவனைப் பற்றிக் கேட்டதில்லை.

தண்ணீர் மாற்றுவது அவன் வேலையாயிற்று.
யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டான்.
வாளியை ஜன்னலுக்கு நேரே பிடித்து
நேற்றைவிட ஒரு சுற்று வெளுத்திருக்கிறது என்பான்.
அந்தக் குளிர்காலத்தில் அவனது
மிக நீண்ட வாக்கியம் அது.

ஜனவரி பதினேழு. சுற்று முடித்துத் திரும்பினேன்.
குளியலறையில் விளக்கு.
தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தான்
முழங்கை வரை நனைந்து.
கட்டை அடியில் கிடந்தது, கற்கள் எதுவும் மேலே இல்லாமல்.
எப்போது என்றேன்.
தெரியாது, ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன்.

மீன்தொட்டி அறுபது சென்டிமீட்டர்.
வேர் எழுபத்தொன்று.
இரண்டு மாதம் ஊறவைத்தவர்கள்
அளந்து பார்க்கவில்லை.
நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல்
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
அவன் போய்ப் பெட்டியைத் திறந்தான்.
நாலு சட்டை, சவரக் கத்தி,
அடியில் துணி சுற்றிய ரம்பம்.
கல்யாணத்தை விட்டு வருகிறவன்
எதற்கு ரம்பம் கொண்டுவருவான்?
கேட்கவில்லை. எந்த விரல் என்று மட்டும் அவன் கேட்டான்.

ஃபுல்வியோ மூன்று நியானையும் வாங்கிக்கொண்டு
மஞ்சள் மீன் நாலு தந்தான்,
ஆப்பிரிக்க ஏரிக் கூட்டம்,
சுண்ணாம்புத் தண்ணீர் என்றால் உயிர்.
ஆற்றின் வெள்ளைக் கற்கள் அத்தனையும் உள்ளே போயின.
முதல் நாளே ஒன்று இன்னொன்றைத் துரத்தியது.

கருங்கல் நாலு கிலோ
சமையல் மேடையிலேயே கிடக்கிறது.
ராத்திரி தண்ணீர் குடிக்க வந்தேன்.
ஸ்தோயான் இருட்டில் நின்று
அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டு
காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.
சொட்டு அப்படியே நின்றது, உருண்டையாக.