கொண்டுபோன

புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடியில்
ஒரு மேசை, ஒரு ரப்பர் முத்திரை, நான்.
பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்.
குருமடத்தில் மூன்று வருடம் இருந்து
இலத்தீனில் இரண்டு தரம் தவறி
வெளியேறியவன் என்பது
பெயர்ப்பலகையில் இல்லை.

அசுந்தா கொண்டுவந்த தாளில்
ஒரு வரிதான் சிக்கல்:
'வெள்ளை வானில் கொண்டுபோன எனது மகன்.'

படித்தால் எவருக்கும் விளங்கும்.
ஆனாலும்
கொண்டுபோன வான் என்றாலும் அதே சொல்,
கொண்டுபோன மகன் என்றாலும் அதே சொல்.
எடுத்தவனுக்கும் எடுபட்டவனுக்கும்
ஒரே சட்டையைப் போட்டுவிட்டு
எங்கள் பெயரெச்சம் பேசாமல் நிற்கிறது.

இருபத்தெட்டு வருடம் கழித்து
அந்தச் சொல் வந்தது: அப்லாத்துஸ்.
கொண்டுபோகப்பட்டவன்.
பெண்ணென்றால் அப்லாத்தா. அஃறிணைக்கு அப்லாத்தும்.
வினையின் பழைய முகம் அவுஃபெரோ.
முதல் எழுத்தைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.
இரண்டையும் பக்கத்தில் வைத்தால்
பெற்ற தாய்கூட அடையாளம் காட்டமாட்டாள் என்று
பரீட்சைத் தாளின் ஓரத்தில்
பகிடியாய் எழுதியிருந்தேன்.

அசுந்தா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று.
இலத்தீனில் இறந்தகால எச்சம்
பெரும்பாலும் பட்டவனுக்கு மட்டும்தான்.
செய்தவனை அப்படி ஒற்றைச் சொல்லில் பிடிக்க
விகுதி கிடையாது.
அவர் நீட்டிய அரசாங்கப் படிவமும் அப்படித்தான்,
அதைவிட மோசம்:
'காணாமல் போனவரின் பெயர்.'

"காணாமல் போக அவன் என்ன குடையா?
கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில
செருப்பு இன்னும் கிடக்கு.
தானாப் போறவன் வெறுங்காலோடயே போவான்?"

'போனவர்' என்பதை வெட்டி
'ஆக்கப்பட்டவர்' என்று எழுதினேன்.
பெயர், றொக்சன்.
வயது?
"முப்பத்தாறு."
உங்கட தாளில பத்தொன்பது எண்டு இருக்கே.
"அது அண்டைக்கு."

அதற்கும் ஒரு வடிவம் இருந்தது,
நான் ஒருநாளும் சரியாய் எழுதாதது:
ரெதித்தூருஸ்.
திரும்ப வரவிருப்பவன்.
வந்துவிடுவான் என்று அது சத்தியம் செய்யாது,
வரும் வழியில் நிற்கிறான் என்றும் சொல்லாது.
வர இருக்கிறான். அவ்வளவுதான்.

ஆங்கிலப் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
முப்பத்தாறு என்று தட்டினேன்.
அவர் இருபது ரூபாய்த் தாள்களாய்
முப்பதையும் எண்ணி வைக்கும்வரை காத்திருந்து
முத்திரையை மையில் ஒற்றி
அழுத்திக் குத்தினேன்:
மூலத்துக்கு மாறுபாடற்ற
உண்மையான மொழிபெயர்ப்பு.