சுடுதண்ணி

மாலை ஆறு பத்துக்குச் சாரதிகள் வேலைநிறுத்தம்.
ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் வருந்தியது,
தமிழில் வருந்தும்போது மட்டும் கரகரத்தது.

மட்டக்களப்பு வண்டி மூன்றாம் மேடையில்
விளக்கெல்லாம் எரிய நின்றது,
வெளிக்கிட்டு நின்றும் கார் வராத மாப்பிள்ளைபோல.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஜெஸீமா,
ஓட்டமாவடிக்குப் போகிறவள்.
மடியில் எட்டுமாதப் பிள்ளை.
மீன்பணிஸில் பாதியைப் பிய்த்துத் தந்துவிட்டுக் கேட்டாள்:
"பால் கரைக்கக் கொஞ்சம் சுடுதண்ணி
எடுத்துத் தருவீங்களா அண்ணன்?"

சிற்றுண்டிச்சாலை பூட்டு.
வெளியே தேத்தண்ணிக் கடைக்காரன்
காஸ் முடிந்ததென்று கையை விரித்தான்.
நீலப் போத்தல், மூடியில் ஒரு நசிவு.
அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தால்
வீதிக்கு அந்தப் பக்கம்
நாற்பது மாடி வெளிச்சம்.

கதவு தானாகத் திறந்தது.
உள்ளே யாரோ எலுமிச்சையை
காற்றில் பிழிந்து வைத்திருந்தார்கள்.
வரவேற்பு மேசைப் பெண்
என் சப்பாத்தைப் பார்க்காததுபோல் பார்த்தாள்.

சுடுதண்ணி கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் தந்திருப்பாள்,
இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.
நான் கேட்டது
ஓரிரவுக்கு எவ்வளவு என்று.

சம்பளத்தில் முக்கால்.
அட்டையை நீட்டும்போது பிள்ளைக்காக என்று சொன்னேன்,
எனக்கு நானே, மனதுக்குள்.
அறையில் கேத்தல் இருக்குமாம்.

பொய்.
ஒன்பது வருடம் மருந்துப் பெட்டியோடு
அதே மேடையில் காத்திருந்து
இந்தக் கட்டடம் ஒவ்வொரு தட்டாய் ஏறியதை
அண்ணாந்து பார்த்தவன் நான்.
ஒருமுறை மேலிருந்து பார்க்கவேண்டும்.
அவ்வளவுதான்.

இருபத்து மூன்றாம் மாடி.
கேத்தல் கொதிக்க இரண்டு நிமிடம்.
கண்ணாடிக்குக் கீழே நிலையம்,
துருப்பிடித்த கூரைகளின் இடுக்கில்
மேடை ஒரு கிழிந்த நாடா.
அதில் புள்ளிகள்.
எந்தப் புள்ளி ஜெஸீமா என்று தேடினேன்.
ஒரு புள்ளி கையசைத்ததுபோல் இருந்தது.
கொசு விரட்டியிருக்கலாம்.

தடித்த கண்ணாடி.
ஹோர்ன் இல்லை. வடைக்காரன் இல்லை.
வருந்துகிறோம் இல்லை.
பிள்ளை அழுதிருந்தாலும்
இங்கே அழவில்லை.

போத்தலை நிரப்பினேன்.
மூடியை இறுக்கினேன்.
கட்டில் விளிம்பில், சப்பாத்தோடு,
ஒரு நிமிடம் இருந்தேன்.
பஞ்சு என்னைக் கேள்வி கேட்காமல்
உள்ளே எடுத்துக்கொண்டது.

நாலு நாற்பது.
வாயில் இன்னும் மீன்பணிஸ்.
கீழே மூன்றாம் மேடையில்
தண்டவாளம் மட்டும் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

ஓடினேன். லிஃப்ட் ஓடவில்லை,
அது எப்போதும்போல் மரியாதையாக இறங்கியது.
"காலைச் சாப்பாடு ஆறரைக்கு, மிஸ்டர் சத்தியரூபன்."
வாசற்காரன் குடை வேண்டுமா என்றான்.
மழை பெய்வதே அப்போதுதான் தெரிந்தது.

மேடையில் சுமைதூக்கி நிஹால்
வாங்கில் கால்நீட்டிக் கிடந்தான்.
"ஒண்டரைக்கு விட்டிட்டான் மஹத்தயா.
அந்த நங்கி கடைசிப் பெட்டி வாசல்ல நிண்டது,
போத்தல் கொண்டுபோன ஆள் வருவார் எண்டு."
பிள்ளை? என்றேன்.
"அழுதது."
பீடியைப் பற்றவைத்தான்.
"பிறகு அழேல்ல."

அவள் இருந்த இடத்தில் இருந்தேன்.
இங்கிருந்து எண்ணினால்
இருபத்து மூன்றாம் தட்டில் ஒரு யன்னல்
விளக்கு அணைக்காமல் கிடந்தது.

மூடியைத் திறந்தேன்.
ஆவி வந்தது.
நல்ல போத்தல்தான்.

அறை பகல் பன்னிரண்டு மணிவரை என்னுடையது.