வரலாறு: இரண்டு மணி நேரம்

படகில் ஏறுமுன்பே சண்டை,
ஜன்னலோரம் யாருக்கு என்று.
படகுக்கு ஜன்னலே இல்லை என்றதும்
இருவரும் கூட்டுச் சேர்ந்து என்னோடு.

லோரியானிலிருந்து போர் லூயி
ஒரு தேநீர் ஆறும் தூரம்.
அதற்குள் இனியாள் நோட்டில் எழுதிவிட்டாள்:
"கடற்பயணம். வாந்தி இல்லை."

ஏப்ரலில் இன்ஸ்பெக்டர் வருவார்,
வீட்டில் இருக்கும் பிள்ளைகள்
படிக்கத்தான் செய்கிறார்களா என்று பார்க்க.
போன முறை தொமினிக்கிடம் மூன்று கேள்வி கேட்டார்.
மூன்றுக்கும் அவன் தன் காலுறையைப் பார்த்தான்.
இரண்டு வருடம் பள்ளிக்குப் போய்
ஒரு சொல்லும் செலவழிக்காமல்
அப்படியே திருப்பிக் கொண்டுவந்தவன்.
அவன் ஊமையில்லை மதாம்,
பெய்ய இடம் பார்க்கிற மழை
என்று சொல்ல அன்றைக்கு எனக்குப் பிரெஞ்சு வரவில்லை.
வந்தது "வுய், மதாம்" மட்டும்.

கோட்டை கடலைப் பார்த்துத்
தாடையை நீட்டிக்கொண்டிருந்தது.
தொடங்கியவன் ஸ்பானியன், முடித்தவன் பிரெஞ்சுக்காரன்,
நடுவில் நான்கைந்து வருடம் வந்து குந்தியவன் ஜெர்மானியன்
என்று படித்துக் காட்டினேன்.
"வாடகை யார் குடுத்தாங்க?" என்றாள் இனியாள்.
வெளியே, சுட்டுப் புதைக்கப்பட்டவர்களின்
பெயர்ச் சுவர் இருந்தது.
அதைப் படித்த பிறகு
அவள் வாடகையைப் பற்றிக் கேட்கவில்லை.

உள்ளே, கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகம்.
பீங்கான், மிளகு, தேயிலைப் பெட்டி.
ஒரு துணி. மங்கிய வெள்ளையில் சிவப்புக் கொடி,
எந்த ஊரிலும் பூக்காத பூ.
பருத்தி, சோழமண்டலக் கரை, பதினெட்டாம் நூற்றாண்டு.
புதுச்சேரியில் பிறந்தவள் நான்,
அழுகை வரும் என்று கைக்குட்டையைத் தேடினேன்.
வரவில்லை. மனசில் வந்ததெல்லாம்,
முந்நூறு வருஷமாய் இந்தச் சிவப்பு போகவில்லை,
போன மாதம் வாங்கிய போர்வை
ஒரே சலவையில் சவேரியின் சட்டையையெல்லாம்
ரோஸ் ஆக்கிவிட்டதே என்பதுதான்.

தொமினிக் ஒரு கப்பல் பொம்மையின் முன் நின்றான்.
பாய், கயிறு, சுண்டுவிரல் நீளப் பீரங்கிகள்.
என் காதை இழுத்துக் கிசுகிசுத்தான்:
"உள்ள ஒருத்தருமே இல்லையே.
எல்லாரும் இறங்கிட்டாங்களா?"
"இறங்கி டிக்கெட் வரிசையில நிக்கிறாங்க" என்றாள் அக்கா.

அப்போதுதான் காவலுக்கு நின்ற அம்மாள் குனிந்து கேட்டாள்,
"நீ எந்த ஊரு, குட்டி?"

எனக்கு முதுகு விறைத்தது.
அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்,
இருபது வருஷமாய்த் தெரியும்:
அது சரி, அதற்கு முன்னாடி?

"லோரியான்" என்றான் தொமினிக்.
வாயைத் திறந்து. சத்தமாக.

"நானும்தான். எந்தத் தெரு?"

மெர்வில் சந்தைக்குப் பின்னால் என்றான்.
அப்பா ராத்திரியில் மீன் பெட்டி தூக்குவார்,
இப்போது தூங்குகிறார், எங்கள் ரொட்டியில் மத்தி வறுவல்,
எனக்கு ஒரு பல் ஆடுகிறது, பாருங்கள்,
இந்தக் கப்பலில் கக்கூஸ் எங்கே இருந்தது?
அம்மாள் காட்டினாள்.
மூக்கு முனையில், அலைக்கு மேலே ஓட்டை.
அவன் சிரித்த சிரிப்பு
பீரங்கி மாடமெல்லாம் போய்த் திரும்பியது.

திரும்பும் படகில் மறுபடி மௌனம்,
மத்தி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தபடி.
லோரியான் என்றால் கிழக்கு என்று சொன்னேன்.
இனியாள் திசைகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நாம வடக்கால போறோம்மா.
பேரை மாத்தச் சொல்லு."

ராத்திரி படிவத்தை விரித்தேன்.
வரலாறு: இரண்டு மணி நேரம்.
புவியியல்: போக வர அரை மணி.
ஒரு கப்பல் கக்கூஸைப் பற்றி
முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பதினோரு நிமிடம்,
அதற்கு இங்கே கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
அழிக்கலாமா என்று பார்த்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.