ஐந்தாவது அடி

மூன்று பருவம், முப்பத்தொன்பது பாகம்.
ஓரின்னாவின் ஓட்டத்துக்கு மட்டும்
என் கோப்புறையில் இருபத்தாறு மாதிரிகள்:
பனியில் ஓடுவது, படிக்கட்டில் ஓடுவது,
திருடிய கிரீடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவது,
தம்பியைப் பாலத்தின் நடுவில் விட்டுவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் ஓடுவது.
நடப்பதற்கு ஒன்றுமில்லை.
யாரும் கேட்டதில்லை.

கடைசிப் பாகத்தின் காட்சிப்பலகை
திங்கள்கிழமை புச்சொனுக்கு வந்து சேர்ந்தது.
கட்டம் 212: ஓரின்னா பாலத்துக்குத் திரும்பி நடக்கிறாள்.
கட்டம் 213: மன்னிப்புக் கேட்கிறாள்.
கட்டம் 214: தம்பி அணைத்துக்கொள்கிறான். விடியல்.
மொத்தம் பதினான்கு நொடி.

நான் இடைப்படம் வரைகிறவன்.
கை கீழே இருக்கும் படம் ஒன்று வரும்,
கை மேலே இருக்கும் படம் ஒன்று வரும்.
நடுவில் அது எப்படி உயர்ந்தது என்பது
என் சம்பளம்.
இத்தனை வருடத்தில் எந்த இடைவெளிக்கும்
முடியாது என்று சொன்னதில்லை.
இது பள்ளம்.
முப்பத்தெட்டாம் பாகத்தில்கூட அவள்
காயம்பட்ட படகோட்டியிடம்
தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று சொன்னாள்.
அந்தக் குடுவையை நான்தான் வரைந்தேன்.
நிரம்பியிருந்தது.

இரவு ஒன்றரைக்கு, கடைவாசல் பிளாஸ்டிக் நாற்காலியில்,
கோப்பை நூடுல்ஸின் மூடியைக் குச்சிகளால் அழுத்தியபடி
வண்ணப் பிரிவு நம்குங் சொன்-ஆ சண்டைக்கு வந்தாள்.
"பத்தொன்பதாம் பாகம். அகதிக் கூடாரம்.
எல்லாரும் தூங்கிய பிறகு
அந்தக் குழந்தையின் செருப்பை
வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறாளே,
எழுந்ததும் கால் நுழைக்க வாகாக.
முதல் பாகத்தில் தம்பிக்கு அப்படித்தான் வைப்பாள்.
நீ பார்க்கவில்லையா?"

பார்க்கவில்லை. வரைந்தேன்.
எட்டுப் படம், ஒரு மணிக்கட்டு, ஒரு ஜோடிச் செருப்பு.
கால் தடுக்காமலிருக்க ஒதுக்குகிறாள்
என்று நினைத்திருந்தேன்.

"நாட்டையே காட்டிக்கொடுத்தவளுக்கு
ஒரு செருப்பு போதுமா?"
"போதாது," என்றாள் வாய் நிறைய நூடுல்ஸோடு.
"பூஜ்ஜியம் என்று மட்டும் சொல்லாதே."

விடியும்வரை கூடத்தில் நானே நடந்து பார்த்தேன்,
கைபேசியை மின்விசிறியில் சாய்த்து வைத்து.
தலை குனிந்தால் நாடகம்.
நிமிர்ந்தால்
ஏற்கெனவே மன்னிக்கப்பட்டவள் மாதிரி இருந்தது.
ஓடிப் பழகிய உடம்பு முன்பாதத்தில்தான் விழும்.
குதிகாலை ஊன்ற
தரை அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும்.
ஏழு அடி.
எழுத்தறையில் இரண்டு வருடம் எழுதாமல் விட்டதெல்லாம்
அந்த ஏழுக்குள் நடந்தாக வேண்டும்.
நான்காவது வரை ஓட்டம் மிச்சமிருந்தது.
ஐந்தாவதில் முழங்கால் ஒருகணம் நின்றது,
நான் நிறுத்தவில்லை, பென்சில் நின்றது என்று
சொன்னால் சிரிப்பீர்கள்.

"கனமாக இருக்கிறது," என்றார் இயக்குநர் தக் கி-பொம்.
"இசை அங்கே எழும்புகிறது. வேகப்படுத்து."
ஆறு படம் எடுத்தேன்.
இரண்டாவது அடியிலிருந்து மூன்று,
ஆறாவதிலிருந்து மூன்று.

வியாழக்கிழமை ஒளிபரப்பு. எல்லாரும் கூடத்தில்.
"என் தவறு," என்றாள் ஓரின்னா.
குரல் கொடுத்தவள் நன்றாகவே அழுதாள்.
எனக்கு ஒன்றும் ஆகவில்லை.
சொன்-ஆ கண்ணைத் துடைத்துக்கொண்டு
விடியலில் ஆரஞ்சு கொஞ்சம் அதிகம் என்றாள்.

அவள் மாறிவிட்டாளா என்று கேட்டால்
தெரியாது.
அணைப்பு, விடியல், கூட்டத்தின் கைதட்டல்,
அவை அவளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டவை.
ஐந்தாவது அடியில் மட்டும்,
குதிகால் தரையைத் தொடும் முன்,
இரண்டு படம்,
நொடியைப் பன்னிரண்டாய்ப் பிரித்தால் ஒரு பங்கு,
அவள் திரும்பி ஓடியிருக்கலாம்.