கோட்டில் ஒரு புள்ளி

செவ்வாய்தோறும் மாலை ஐந்துக்கு
ஹம்மர்ஷோ நூலகத்தின் கீழ்த்தளத்தில்
ஸ்கேனரைத் தட்டி எழுப்புவேன்.
வெளியே மைனஸ் பதினாலு.
பிஸ்கட் டின்களோடு வருவார்கள்:
உடைந்த மட்டை நுனி,
1938 பனிச்சறுக்குப் போட்டியின் எண் துணி.
அதில் இருப்பது ரத்தமா, லிங்கன்பெரிச் சாறா?
கொண்டுவந்தவருக்கே தெரியாது.
படிவத்தில் கறைக்குக் கட்டம் இல்லை.
'பிற' என்று போட்டேன்.
இந்த ஊரின் பாதி வரலாறு 'பிற'வில்தான் இருக்கிறது.

குன்வோர் எஸ்பிங் கொண்டுவந்தது ஒரே ஒரு படம்.
அவள் அண்ணனின் காப்பிக் கடையில்
கல்லாவுக்கு மேலே ஐம்பது வருஷம் தொங்கியது.
1954 பிப்ரவரி, உறைந்த ஏரி,
பதினொருவர் வளைமட்டையோடு ஆடும் பேண்டி.
எதிரில் நோர்வலா. மூன்றுக்கு மூன்று.
கடைசி நிமிடம்.
கோல்கீப்பர் முழங்காலில் சரிந்திருக்கிறான்
(அவனுக்கு மட்டும் மட்டை கிடையாது).
கையுறைக்குப் பின்னே, கோட்டுக்கு அப்பால்
கறுப்பாய் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியில்தான் கோப்பை நிற்கிறது,
ஆலைத் தெருவின் புதுப் பெயர் நிற்கிறது.
வண்டி பழுதானால்
நோர்வலா மெக்கானிக்கிடம் போகாமல்
இரண்டு மணிநேரம் சுற்றிப் போகும் குடும்பங்கள்
இன்றும் உண்டு.

மென்பொருளில் 'தூசி நீக்கு' என்றொரு பொத்தான்.
பழக்கதோஷம், அழுத்திவிட்டேன்.
வானத்துப் புள்ளிகள் போயின.
நடுவர் மூக்கில் இருந்தது போயிற்று.
கூடவே பந்தும்.
வலைக்குள் வெறும் பனி.

உடனே மீட்டுவிட்டேன்.
ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

பெரிதாக்கினேன்.
பெரிதாக்கப் பெரிதாக்கப் பந்து பந்தாகவில்லை,
சாம்பல் சதுரங்களாயிற்று.
இரும்பாலைக் கரித்துகளோ?
காப்பித் துளியோ?
ஈயின் எச்சமாகவும் இருக்கலாம்,
ஹம்மர்ஷோவில் ஈக்களும் கட்சி சார்ந்தவை.

ஒரு கடிதம் போட்டேன். ஏன் போட்டேனோ.
அடுத்த செவ்வாய் பஸ் பிடித்து வந்தார்
இங்வே லூடின், தொண்ணூற்றொன்று, நோர்வலா.
"அந்த முழங்கால் என்னுடையது" என்றார்.

படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார்.
"நகத்தால் சுரண்டினால் தெரிந்துவிடும்.
உள்ளே இருந்தால் நிற்கும்,
மேலே இருந்தால் உதிரும்."
தெரியும். ஒரு வாரமாய் எனக்கும் தெரியும்.

வெறுங்கையால் தொடக்கூடாது என்பது விதி.
வெள்ளைப் பருத்திக் கையுறையை நீட்டினேன்.
மாட்டிக்கொண்டு விரல்களை விரித்தார், மூடினார்,
மறுபடி விரித்தார்.
பருத்திக்குள் நகம் மழுங்கிவிட்டது.
ஒற்றை விரலைப் புள்ளியின்மேல் வைத்தார்.
மூன்றுக்கு மூன்று.
ஹீட்டர் சத்தம் மட்டும்.
விரலை எடுத்தார்.
நாலுக்கு மூன்று.

படிவம் இன்னும் திறந்திருக்கிறது.
'பந்து' என்று எழுதி அழித்தேன்.
'தூசி' என்று எழுதி அழித்தேன்.
புள்ளி வைத்தால் மெய்யாகிவிடும்.
கேள்விக்குறியை இந்தக் கட்டம் ஏற்பதில்லை.

இரண்டு பிரதி கேட்டார்,
புள்ளியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.
ஒன்றுக்கு இருபது குரோனா.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
ஏழரை பஸ்ஸுக்கு எழுந்தார்.
எது சுவருக்கு, எது இழுப்பறைக்கு என்று
நான் கேட்கவில்லை.

கையுறையைக் கழற்றாமலே போய்விட்டார்.